முடிகாணிக்கையும் மேடம் வாக்கரும்

திருமலையின் முடிகாணிக்கைக் கூடமான கல்யாணகட்டாவில் நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் இறக்கும் முடி, நீளத்துக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டுத் தேவஸ்தானத்தாரால் ஏலம் விடப்படுகிறது. அதில் நீண்ட முடி கடல் கடந்து, அமெரிக்க, ஆப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களுக்குச் சவரியாகிறது. அப்பெண்களின் கூந்தலைக் கொண்டே ஒரு நூற்றாண்டுக்கு முன் பெருஞ்செல்வம் ஈட்டிய கறுப்பினப் பெண்ணொருத்தியின் சரித்திரம், சித்தூர், திருப்பதிச் சீமைகளின் நாவிதர் குடும்பங்களுக்கு எதைக் கற்பிக்கிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அடிமைத்தளையினின்று விடுபட்ட பெற்றோருக்கு 1867-இல் லூயிசியானாவில் பிறந்து, ஏழு வயதில் அநாதையாகி, பதினான்கில் மணமுடித்து, இருபதில் விதவையாகி, செயின்ட் லூயிஸ் நகரில் துணி வெளுத்து ஜீவனம் செய்த சாரா பிரீட்லவ், பின்னாளில் மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரால் கூந்தல் மருந்து விற்று, 1910-இல் இண்டியானபொலிசைத் தம் தொழிலுக்குத் தலைநகராக்கிக்கொண்டார். இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அவரது மனவுறுதியைப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். மனவுறுதி அவரோடு துணி வெளுத்த மற்றப் பெண்களுக்கும் இருந்திருக்கும். அவர்களுக்கு வாய்க்காதது, தொழிலைக் கற்பித்து விற்பனையில் பங்கு தரும் ஓர் அமைப்பு. அன்னி மலோன் என்ற மற்றொரு கறுப்பின மாதிடம் விற்பனைப் பிரதிநிதியாயிருந்து வாக்கர் கற்றதும், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதனைப் பயிற்றுவித்து, 1917-இல் பிலடெல்பியாவில் தம் பிரதிநிதிகளின் மாநாட்டைக் கூட்டியதும் என் கருத்தில் அவர் ஈட்டிய செல்வத்தினும் பெரிய காரியங்கள்.

ஆயினும் அச்சரித்திரத்தின் பிற்பகுதி துயரமானது. 1960-களில் மனித முடியாலான பொய்க்கூந்தல் பெருவழக்காகியபோது உற்பத்தி தென்கொரியாவில் வளர்ந்தது. அமெரிக்காவில் இறக்குமதியும் மொத்த வியாபாரமும் பெரும்பாலும் கொரியக் குடியேறிகளின் கையில் அமைந்தன. வாக்கரின் சமூகத்துப் பெண்கள் பெரும்பாலும் வாங்குவோராயினர்.

இனித் திருமலையை நோக்குவோம். கத்தி பிடிக்கும் கைத்திறம் பரம்பரையாக நாவிதர்களுடையது. பெண் பக்தர்களுக்கு முடி இறக்க இந்நூற்றாண்டில் அச்சமூகப் பெண்களும் முன்வந்தது, பழைய வழக்கத்தைத் துணிந்து கடந்த செயலாகும். நீண்ட கூந்தலை முதலில் முடிச்சிட்டு, வேர் ஒருபுறமும் நுனி ஒருபுறமுமாகக் கலையாமல் இறக்கினால்தான் இழையின் செதில்கள் ஒரே திசையில் அமைந்து சந்தையில் உயர்ந்த விலை பெறும்; ஆதலின் அவ்விலையில் ஒரு பகுதி அவர்கள் கைப்பக்குவத்தால் விளைவதே. ஆனால் முடி கையைவிட்டு அகன்றதும் அவர்கள் தொடர்பு அறுகிறது. கழுவி, சிக்கெடுத்து, சீவி, சரமாகத் தைக்கும் வேலையும் அதன் லாபமும், ஏலத்தில் பெருந்தொகை கட்டவல்ல ஏற்றுமதியாளரைச் சேர்கின்றன.

காணிக்கை இறைவனுடையது, அதில் எவரும் பங்கு கோரலாகாது என்பர். அதனை முழுமனத்தோடு ஒப்புகிறேன். ஏலத்துக்குப் பிற்பட்டதோ வெறும் வாணிகம். அதில் நாவிதர் குடும்பத்துப் பெண்களின் கூட்டுறவுச் சங்கமொன்று இறங்குவதற்குச் சாஸ்திரத்தடை எதுவும் இல்லை. முதலில்லாமையே தடை. ஆகவே, சிறு அளவிலான முடித்தொகுதிகளை இத்தகைய சங்கங்களுக்கு ஒதுக்கத் தேவஸ்தானமும், கடனுதவ மாவட்டக் கூட்டுறவு வங்கிகளும், பயிற்சி தரத் திருப்பதியிலேயே உள்ள ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் முன்வர வேண்டுமென்று இக்கட்டுரை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.