தடுப்புத் திரவ வடிகட்டல்

தடுப்புத் திரவ வடிகட்டல் என்பது, பம்பியின் சுழல்தண்டில் பூட்டப்படும் இரட்டைப் பொறிமுறைச் சீல்களுக்கு இடையே ஓடும் தூய திரவத்திலிருந்து துகள்களை அகற்றி, சீல்களின் தேய்வைக் குறைக்கும் முறையாகும்.

தொடக்ககாலப் பம்பிகளில் கிரீசோ கிராபைட்டோ ஊட்டிய பின்னல் கயிற்றைத் தண்டைச் சுற்றி இறுக்கியே கசிவைக் கட்டுப்படுத்தினர். கயிறு சூடேறிக் கருகாதிருக்கச் சிறிது நீர் சொட்டியே ஆகவேண்டும் என்பதால், அது கசிவைக் குறைத்ததேயன்றி நிறுத்தவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் குக் குளிரூட்டி அமுக்கிகளுக்காக உருவாக்கிய பொறிமுறைச் சீலில், நிலையான வளையமொன்றும் தண்டோடு சுழலும் வளையமொன்றும் முகத்தோடு முகம் பொருந்தின. இவ்வகைச் சீல்களின் முகங்களைப் பிரிப்பது சில மைக்ரோனுக்கு மேற்படாத திரவப் படலமே. தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரோன்.

இலங்கையின் வன்னிப் பகுதித் தோட்டக் கிணறுகளில் இயங்கும் சிறிய நீரிறைக்கும் இயந்திரங்களிலும், ‘வோட்டர் சீல்’ என வழங்கும் இதே அமைப்பு, வில்லால் அழுத்தப்பட்ட காபன் வளையமாகவும் அதற்கெதிரான பீங்கான் வளையமாகவும் காணப்படுகிறது. இறைக்கும் நீரே இதற்கு மசகு. உறிஞ்சுகுழாயின் அடியில் பூட்டும் புட்வால்வின் வலை இலைகுழைகளைத் தடுக்குமேயன்றி நுண்மணலைத் தடுக்காது. மணல் கலந்த நீரை இறைத்த இயந்திரத்தைக் கழற்றினால், காபன் முகத்தில் இசைத்தட்டின் வரிகளைப் போல வட்டக் கீறல்கள் தெரியும்.

இறைக்கும் திரவமே சீலுக்குப் பகையாகும் இடம் இரசாயனத் தொழிற்சாலை. 1950களில் நிறுவப்பட்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்தது. 1980களில் போர் அதன் இயக்கத்தை நிறுத்தியது. இத்தகைய ஆலைகளில் உப்புக்கரைசலோ எரிசோடாவோ சீல் முகத்தில் கசிந்து உலர்ந்தால், எஞ்சும் பளிங்குகள் அம்முகத்தை அராவிவிடும். இரண்டு சீல்களைப் பூட்டி, இடையே பொருத்தமான தூய திரவத்தைச் சீல் அறையின் அமுக்கத்தைவிடக் குறைந்தது 1.4 பார் கூடுதலாக வைத்தால், கசிவு உள்நோக்கியே நிகழும்.

காற்றில் கலக்கும் கசிவுகளைக் கட்டுப்படுத்திய, ஐக்கிய அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களுக்குப் பின் இரட்டைச் சீல்கள் பரவலாயின. 1994இல் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் வெளியிட்ட 682ஆம் இலக்க நியமம் சீல்களுக்கான விதிகளை ஒழுங்குபடுத்தியது. ஆயினும் தடுப்புத் திரவமும் அழுக்கேறும்: தேய்ந்த காபன் தூள், குழாய்த் துரு, சூட்டில் கருகிய எண்ணெய் ஆகியன அதில் சேர்கின்றன. அந்நியமத்தின் குழாயமைப்புத் திட்டங்களுள், தனிப் பம்பியால் திரவத்தைச் சுற்றவிடும் 54ஆம் இலக்கத் திட்டத்தில் நுண்வடிகட்டியை எளிதில் இணைக்கலாம். சீலிலுள்ள வளையமே திரவத்தைத் தள்ளும் 53ஆம் இலக்கத் திட்ட வகைகளில் தள்ளுவிசை சிறிதாகையால், அடைபட்ட வடிகட்டி ஓட்டத்தைக் குறைத்துச் சீலைச் சூடேற்றிவிடும். அங்கு வடிகட்டலுக்கெனத் தனிச் சுற்று அமைப்பதே தகும். எவ்வகையாயினும், பழுதான சீலை மாற்றும்போது பழைய திரவத்தை வெளியேற்றிக் குழாய்களைக் கழுவாவிடின், புதிய முகங்களையும் அதே துகள்கள் கீறும்.