ரங்கப்பிள்ளை வீடு: சவுக்கடிக்குப் பின் எழுந்த மாளிகை

புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் 1730-களில் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கும் தமிழ் வீடாகவும், மேல்தளத்தில் சுதை பூசிய பருத்த தூண்கள் அணிவகுக்கும் பிரெஞ்சு வீடாகவும் விளங்குகிறது. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது இம்மாளிகை தப்பிய வரலாறே இவ்வாரத்துக்கு உரியதாயிருந்தது. ஆயினும் இக்குடும்பம் சுமந்த பழியையும் அது நீங்கிய விதத்தையும் சொல்லாமல் அங்கே தாவுவது முறையன்று.

பிரெஞ்சுக் கும்பெனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் இடையே நின்று சரக்கும் விலையும் கடனும் பேசி முடிக்கும் இருமொழித் தரகரே துபாஷி. ஆனந்தரங்கரின் தந்தை திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனரான நயினியப்பப் பிள்ளை அப்பதவியின் தலைமையில் இருந்தவர். தம் சமயத்தை விடாதவர். அவரை விலக்கிவிட்டுக் கிறித்தவர் ஒருவரை அமர்த்த வேண்டுமென ஏசு சபைப் பாதிரிமார் வற்புறுத்திவர, ஆளுநர் எபேர் 1716-இல் கலகம் விளைவித்ததாகக் குற்றஞ்சாட்டி அவரைச் சிறையிலிட்டார். திருவேங்கடம் பிள்ளையும் அவ்வழக்கில் சிக்கினார். சாட்சிகள் தமிழில் சொன்னது பிரெஞ்சில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத அக்காகிதத்திலேயே அவர்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டது என்று பின்னர் முறையிடப்பட்டது. தீர்ப்போ கொடியது: கடைவீதியில் ஊரார் காண 50 சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல், அதன்பின் நாடுகடத்தல். நேற்றுவரை தம்மிடம் கைகட்டி நின்ற வணிகர்களின் கண்ணெதிரே அடிபட்ட அந்த முதியவர், 1717-இல் சிறைக்குள்ளேயே உயிர்விட்டார். தம் பதவியைக் காத்துக்கொள்ள ஒரு நேர்மையான ஊழியரைப் பலியிட்ட எபேரை வரலாறு மன்னிக்க இடமில்லை.

நயினியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை சோர்ந்துவிடவில்லை. கடல் கடந்து பாரிஸ் சென்று, அரசப் பிரதிநிதியான ஓர்லேயான் கோமகனை ஞானத்தந்தையாகக் கொண்டு திருமுழுக்குப் பெற்று, செயின்ட் மிஷேல் வீரர் பட்டமும் பெற்றார். தந்தை எதை விடாததால் மாண்டாரோ அதையே விட்டுத்தான் மகன் குடும்பத்தின் மானத்தை மீட்டார் என்பது நெஞ்சை அறுக்கும் முரண். தீர்ப்பு பிரான்சில் ரத்தாயிற்று. எபேரும் பதவியிழந்து கைதானார். 1722-இல் தலைமைத் துபாஷியாக ஊர் திரும்பிய குருவப்பர், இரண்டே ஆண்டுகளில் காலமானார்.

பதவி மீண்டும் பாதிரிமார் பக்கமிருந்த எதிரணியின் பேதுரு கனகராய முதலியாரிடம் சென்றது. அவர் 1746-இல் மறைந்த பின்பே அது ஆனந்தரங்கரை வந்தடைந்தது. முற்றமும் மாடமும் கொண்ட இவ்வீடு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுந்துவிட்டது. வீட்டுக்காரர் 1761 ஜனவரியில் காலமான சில நாள்களில், 16-ஆம் தேதி, நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. இடிபாடுகளுக்கு நடுவே வீடு நின்ற கதை அடுத்த இதழில்.

(தொடரும்)