ஏரி மீன் உரிமையும் நீர்நிலைக் காவலும்: காஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வேகவதியாற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், சமணக் காஞ்சி எனப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விசயநகர அமைச்சர் இருகப்பரால் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுப்பிக்கப்பட்டது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டோர் வாழ்ந்த இவ்வட்டாரத்தில்தான் ஏரி மீன் ஊர்ச்சபைகளின் வருவாய் இனமாகவும் இருந்தது. நிலவருவாய் குறித்த ஆய்வுகளில் அவ்வினம் பெரும்பாலும் ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. மீன் மீதான காவலும் ஏரி மீதான காவலும் எப்போது, எவ்வாறு தனித்தனியாயின என்பதே இக்கட்டுரையின் வினா.

காஞ்சிக்குத் தெற்கிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலை வழித் தெரிந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் அறுவர் ஏரி வாரியப் பெருமக்களாக அமைந்தனர். இடைக்காலக் கல்வெட்டுகளில் பயிலும் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் ஆகிய சொற்கள் மீன்பிடி உரிமைக்கான இறையைக் குறிப்பன. அவ்வருவாயை ஏரியின் தூர் அகற்றவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கிய வழக்கும் இருந்தது. இதனை இக்காலப் பொருளில் ‘மீன்வளப் பாதுகாப்பு’ எனக் கொள்வது மிகையாகும். கல்வெட்டுகள் பாட்டத்தைப் பேசுகின்றன. வலைக்கண்ணின் அளவைப் பேசவில்லை. காக்கப்பட்டது நீரின் கொள்ளளவே. மீன் அதன் வழியே பயன் பெற்றது. எனினும் மீனின் விலை ஏரிக்கே திரும்பியது என்பது சிறிய செய்தி அன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்விணைப்புத் தளர்ந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே எழுப்பிய அணைகள் பாசனத்தைப் பெருக்கின. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் உல்லம் மீனின் வழியையோ மறித்தன. இத்தகைய தடுப்பணைகள் மீன்வளத்துக்குக் கேடு செய்யக்கூடும் என்று 1867இல் காட்டனே கவனப்படுத்தியது குறிப்பிடத்தக்கது. அதன்பின் ஆய்வுப் பணியேற்ற மருத்துவர் பிரான்சிஸ் டே, 1873இல் வெளிவந்த தம் அறிக்கையில், நுண்கண் வலைகளும் நிலைப்பொறிகளும் குஞ்சுகளை அழிப்பதைச் சுட்டிச் சட்டக் கட்டுப்பாட்டை வற்புறுத்தினார். அணையின் குற்றத்தை ஆராயத் தொடங்கிய முயற்சி, மெல்ல மெல்ல மீனவரின் வலையைக் குற்றவாளியாக்கும் திசையில் நகர்ந்தது என்றே தோன்றுகிறது.

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் இப்போக்கின் விளைவு. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வதை அது தடுத்தது. வலைக்கண், நிலைப்பொறி ஆகியவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. குறித்த நீர்நிலையில் ஈராண்டுக்கு மிகாமல் மீன்பிடிப்பை முற்றிலும் நிறுத்தவும் இடமளித்தது. தூர்வாருதல் பற்றியோ நீர் இருப்புப் பற்றியோ அதில் எதுவும் இல்லை. 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் பொறுப்பில் சென்னை மாகாண மீன்வளத்துறை உருப்பெற்றது. ஏரியின் நீர் பொதுப்பணித்துறையிடம் இருக்க, மீன் வேறொரு துறையின் பொருளாயிற்று. குத்தகைதாரர் மீனைப் பிடிக்க நீர் வற்றுவதை விரும்புவதும், உழவர் அதே நீரைத் தேக்கிவைக்க முனைவதும் இப்பிரிவினையால் தீராத வழக்காயின. உணவுற்பத்தியைப் பெருக்கும் நோக்கில் 1952இல் கொணரப்பட்ட திலாப்பியா, ‘ஜிலேபிக் கெண்டை’ என்னும் பெயரோடு ஏரிகளில் பெருகி நாட்டு இனங்களுக்குப் போட்டியானது தனிக் கட்டுரைக்குரியது.

வேகவதிக்கு மீண்டும் வருவோம். நகரின் கழிவுநீரும் பட்டுநூல் சாயக்கழிவும் கலந்த இவ்வாற்றின் சிக்கலை 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் நஞ்சுப் பிரிவு எட்டவே இல்லை. மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்தோடு நஞ்சிடுவதையே அப்பிரிவு குற்றமாக்கியது. சாயம் காய்ச்சியவருக்கு அந்நோக்கம் இல்லை. நோக்கத்தை விடுத்து நீரின் மாசையே பொருளாகக் கொண்ட நடுவணரசுச் சட்டம் 1974இல்தான் வந்தது.