ஒரு டீச்சர் கேட்ட கேள்வி

ஆராய்ச்சி பேராசிரியர்களுக்கு, கண்காட்சி பொதுமக்களுக்கு என்றுதான் பல்கலைக்கழகங்களில் பிரித்து வைத்திருப்பார்கள். 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியல் துறையில் அந்தக் கோடு அழிந்தது.

கெவின் ஷவின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் 50,000 கேலக்ஸிகளின் படங்களைத் தானே பார்த்து வகை பிரித்திருந்தார். மிச்சமோ பல லட்சம்! சுருள் எது, நீள்வட்டம் எது என்று பிரிப்பதில் அன்றைய கம்ப்யூட்டரைவிட மனிதக் கண்ணே மேல். அதனால் அவரும் கிறிஸ் லின்டாட்டும் 'கேலக்ஸி ஸூ' என்ற இணையதளத்தில் படங்களைப் போட்டு எல்லோரையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். முதல் ஆண்டிலேயே 1,50,000 பேருக்கு மேல் வந்து, 5 கோடி முறைக்கு மேல் வகைப்படுத்தினார்கள்.

அவர்களில் ஒருவர் ஹன்னி வான் ஆர்கெல், நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை. ஒரு கேலக்ஸிக்குப் பக்கத்தில் தெரிந்த நீலத் திட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். நிபுணர்களுக்கே உடனே பதில் தெரியவில்லை. பக்கத்து கேலக்ஸியின் மங்கிப்போன குவாசார் முன்பு வீசிய ஒளியால் இன்னும் மினுங்கும் வாயு மேகம் அது என்று பிறகு புரிந்தது. இன்று அதற்கு ஹன்னியின் பெயர்தான்.

கேள்வி கேட்கப் பட்டம் தேவையில்லை நண்பர்களே!