கேளாமல் இட்ட சோறு

யாழ்ப்பாணத்தின் சுகாதார வரலாற்றை எழுதுவோர் இணுவில் மக்லியொட் வைத்தியசாலையை மறவாது குறிப்பிடுவர். 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென எழுந்த அந்நிலையத்துக்காக மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் கடல்கடந்து நிதி திரட்டினர்; இசபெல்லா கர் அம்மையார் நெடுங்காலம் அங்கு தொண்டாற்றினார். போற்றத்தக்க பணிதான். ஆயினும் அயலூரான மானிப்பாயில் மருத்துவர் கிறீனின் வைத்தியப்பணி அரைநூற்றாண்டுக்கு முன்னரே வேரூன்றியிருக்க, இணுவிலில் தனியொரு நிலையம் ஏன் வேண்டியிருந்தது? ஆண் வைத்தியரிடம் செல்லப் பெண்கள் மறுத்தனர். அம்மறுப்பை அறியாமையென்று ஒதுக்காது, வைத்தியமே தன் வடிவை மாற்றிக்கொண்டது. பெயரற்ற அப்பெண்களும் அவ்வைத்தியசாலையை அமைத்தவர்களே என்பது நமது கருத்து.

உணவு விடயத்தில் இப்பாடம் விரைவில் மறக்கப்பட்டது. இலங்கையில் 1973இல் திரிபோஷா அறிமுகமாயிற்று. சோளமும் சோயாவும் கலந்த அச்சத்துமா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடைகுறைந்த குழந்தைகளுக்குமானது. ஆனால் பொதியை அவிழ்த்தால் வீடு முழுவதும் உண்கிறது. இதை அறிக்கைகள் 'கசிவு' என்கின்றன. மூன்று பிள்ளைகள் பார்த்திருக்க ஒன்றுக்கு மாத்திரம் எவ்வாறு ஊட்டுவது என்பதை அத்தாயிடமன்றி வேறு யாரிடம் கேட்பது?

இக்கேள்வியை ஓரளவேனும் எதிர்கொண்ட முயற்சியொன்று பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்தது. காமராசர் காலத்து மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளின் பசி தீர்த்தது. பள்ளிக்கு வராத மூன்று வயதுக்குட்பட்டோரே பெரிதும் நலிந்திருந்தனர். 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அவர்களை நாடிச் சென்றது. அதன் ஊழியர் அவ்வூர்ப் பெண்களே. அவர்களுள்ளும், வறுமையிலும் தன் பிள்ளைகளை நலமாக வளர்த்தவளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பட்டத்தைவிட அவ்வளர்ப்பே பெரிய தகுதியென்று ஓர் அரசுத் திட்டம் ஏற்றுக்கொண்டது சிறு செய்தியன்று. மாதந்தோறும் தாயின் கண்முன்னே குழந்தையை நிறுத்தனர். எடை ஏறாத குழந்தைக்கே மேலதிக உணவு வழங்கினர். அதுவும் வீட்டுச் சோற்றுக்கு ஈடாகாதபடி, உருண்டையாக. மகளிர் குழுக்கள் பல ஊர்களில் அதனைத் தாமே தயாரித்தன. எனினும் திட்டத்தின் சட்டகத்தை வரைந்தோர் அதிகாரிகளும் உலக வங்கியினருமே. பெண்கள் அழைக்கப்பட்டது வரைந்து முடிந்த பின்னர்தான்.

இணுவிலின் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் விளைகின்றன. அங்கே நாற்று நடும் பெண் விடியலில் புறப்படுகிறாள். முருங்கையிலை, குரக்கன், ஒடியற்கூழ், பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக்கறி, உழுத்தங்களி ஆகியவற்றின் பயனை அவளுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டின் அடுப்புகளை அணையவிடாது காத்தவை இத்தகைய அறிவுகளே. 2022இன் நெருக்கடியில் திரிபோஷா விநியோகம் தடைப்பட்டபோதும் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தவள் அவளே.

ஆகவே, ஊட்டச்சத்துத் திட்டமொன்று இவ்வூருக்கு வருமாயின், படிவங்களை அச்சிடுவதற்கு முன்பே அவளிடம் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். தோட்டத்தால் திரும்ப எத்தனை மணியாகிறது? அதுவரை குழந்தைக்கு ஊட்டுவது யார்? எந்த மாதத்தில் கையில் காசில்லை? வீட்டில் எல்லோரும் உண்டபின் பானையில் அவளுக்கு என்ன மிஞ்சுகிறது?