வானத்தின் செலவும் கரையின் கடனும்

விண்வெளியின் வரலாற்றை வீரர்களின் பெயர்களால் எழுதுவது வழக்கம். 1961 டிசம்பரில் கொழும்புக்கு வந்த யூரி ககாரினை நம் மக்கள் வீரனாகவே வரவேற்றனர். ஆனால் வீரனை மேலே ஏற்றுவதற்கு ஒரு நாட்டின் கருவூலம் வேண்டும். கருவூலத்தை நிரப்ப உழைப்பாளரின் வியர்வை வேண்டும். 1966இல் அமெரிக்க மத்திய அரசு தன் மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்குக்கு மேற்பட்ட பங்கை விண்வெளிக்கு ஒதுக்கியது. சோவியத் யூனியனுடனான போட்டியே அப்பணப்பெட்டியைத் திறந்தது. 1969இல் மனிதன் சந்திரனில் கால் பதிக்கு முன்னரே அப்பங்கு சுருங்கிவிட்டது.

அத்தகைய கருவூலம் இல்லாத நாடு எதை முதலாக வைத்து இத்துறையில் இறங்கும்? விடை நமக்கு அருகே, கேரளக் கரையிலுள்ள தும்பாவில் கிடைக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அதன்மேல் உயர்வெளியில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய வல்லரசுகளின் விஞ்ஞானிகளும் விரும்பினர். ஆகவே, விக்ரம் சாராபாயின் தலைமையில் 1962இல் அமைந்த இந்தியக் குழுவுக்கு அந்த மணற்கரையே பெரும் மூலதனமாயிற்று.

1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து எழுந்த முதல் றொக்கற் அமெரிக்காவினது. அது சுமந்த சோடிய ஆவிக் கருவி பிரான்சினது. சோவியத் யூனியன் ஹெலிகொப்டரும் கணனியும் வழங்கிற்று. பகைமை பாராட்டிய இரு முகாம்களும் ஒரே கரையில் கூடின. 1968இல் அந்நிலையம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இவர்களுக்கெல்லாம் முன்னர் கொடுத்தவர்கள் மீனவர்கள். அவர்கள் மனைகளை விட்டுப் பெயர்ந்தனர். ஆயர் இசைய, அவர்களது மரிய மகதலேனா தேவாலயமே விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. உதவிய நாடுகளின் வரிசையில் இவர்களைப் பங்காளராக எண்ணுவோர் சிலரே.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் தீவையும் தாக்கி அரபிக் கடலுக்குள் புகுந்தது. இந்தியாவின் செய்மதிகள் அப்போது வானில் இருந்தன. ஆயினும், முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தும்பாவும் அதே திருவனந்தபுரம் மாவட்டத்துக் கரைதான். வானத்தில் கண்காணிக்கப் பணமிருந்தது; கண்டதைப் படகுக்குச் சொல்லும் சிறு கருவிக்கு வேளை வந்திருக்கவில்லை.

இதனால் விஞ்ஞானத்தை வெறுப்பது பேதைமை. புயலை முன்னறியச் செய்மதி வேண்டும். அதற்குச் செலவும் வேண்டும். அச்செலவின் பயன் எங்கே போய் நிற்கிறது என்பதே கேள்வி. 2019இல் ஜப்பானின் துணையோடு நமது இராவணா-1 என்னும் சிறு செய்மதியும் விண்ணை அடைந்தது. இனி நாம் பெருஞ்செலவில் இறங்குவோமாயின், ஜிந்துப்பிட்டித் தொழிலாளி வாங்கும் சீனியின் மீதான வரியும் அதில் சேரும். கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கும் உண்டு. அவ்வுரிமையை மாணவருக்குக் கற்பிப்பது ஆசிரியரின் கடனன்றோ!