தன்னியக்க முறைகளைக் கண்காணித்தல்

தானே முடிவெடுத்து இயங்கும் இயந்திரங்களையும் கணினிகளையும், அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து சோதித்து, நடந்ததைத் திரும்ப ஆராய்ந்து திருத்தும் நடைமுறை. கணினி வருவதற்கு வெகுமுன்பே புகையிரதப் பாதைகளில் இதன் தேவை தெரியவந்தது.

இலங்கையின் மலைநாட்டுப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டி, 1924இல் பதுளையில் முடிந்தது. தேயிலைப் பெட்டிகளும் தோட்ட மக்களும் இந்த ஒற்றைத் தண்டவாளத்தில்தான் ஏறி இறங்கினர். எதிரெதிராக வரும் இரண்டு கோச்சிகள் ஒரே பகுதிக்குள் நுழையாமல் இங்கே காத்துவந்தது டேப்லட் முறை. இதை 1878இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் எட்வர்ட் டயர். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பெட்டிகள் இருக்கும். மறுமுனை நிலைய அதிபர் இசைந்தால்தான் ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அது ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பிச் சேரும்வரை இரண்டும் பூட்டியே இருக்கும். தகடு கைக்கு வராமல் சாரதி வண்டியை எடுக்கக் கூடாது. அந்தத் தகட்டைச் சுமந்த, பெரிய வளையம் பூட்டிய தோல்பை நானுஓயா மேடையில் கைமாறுவதைப் பார்த்த பயணிகள், தங்கள் உயிர்க்காவலையே பார்த்திருக்கிறார்கள்.

அத்தனை உறுதியான முறையும் 1921 ஜனவரி 26இல் வேல்ஸின் அபர்மியூலில் தோற்றது. வண்டி கொண்டுவந்த பழைய பகுதியின் தகடே, அடுத்த பகுதிக்குரியது என்ற நினைப்பில், சாரதியிடம் திரும்பிப் போனது. கைமாற்றிய எவரும் அதில் பொறித்திருந்ததை வாசிக்கவில்லை. எதிரே வந்த வண்டியுடன் மோதியதில் 17 பேர் இறந்தனர். பெட்டிகளில் எந்தக் கோளாறும் இல்லை. பெட்டி தவறாது என்ற நம்பிக்கைதான் பார்க்கும் பழக்கத்தை அழித்திருந்தது.

உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய ஆய்வுரை இந்த ஆபத்தை விளக்கியது: இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ, அவ்வளவுக்கு மேற்பார்வையாளரின் பயிற்சி தேய்கிறது, கோளாறு வரும் நேரத்தில்தான் அவர் திறமை முழுவதும் தேவைப்படுகிறது. தம்மைத் தாமே நிர்வகிக்கும் கணினிகளை 2001இல் முன்மொழிந்த ஐபிஎம் நிறுவனம், கவனித்தல், ஆராய்தல், திட்டமிடல், செயல்படுத்தல் என்ற சுழற்சியை அவற்றுக்கு அடிப்படையாக்கியது. ஆனால் தன்னைக் கவனிக்கும் கணினியும் தனக்கு வந்துசேரும் தகவலைத்தான் நம்புகிறது. அத்தகவலே பொய்த்தால் உள்ளிருந்து அது தெரியாது.

2023 ஜூன் 2இல், ஒடிசாவின் பஹானாகா பஜாரில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மின்னணுச் சமிக்ஞை முறை நேர்வழிக்குப் பச்சை காட்டியது. தண்டவாளமோ கிளைவழிக்குத் திரும்பியிருந்தது. வண்டி அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னர் செய்த மின்சுற்று மாற்றத்திலும், அன்று லெவல் கிராசிங் வேலையிலும் நேர்ந்த பிழைகளே காரணம் என்றார் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். கம்பியைத் தவறாக இணைத்த ஒருவரோடு இதை முடித்துவிடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. பஹானாகா பஜார் அடங்கிய கரக்பூர் ரயில்வே கோட்டத்தில் 2022 மே மாதமே தவறான இணைப்பால் இதைப் போன்ற நிகழ்வு நடந்திருந்தது. அப்போதே திருத்த நடவடிக்கை எடுத்திருந்தால் இவ்விபத்து நேர்ந்திராது என்று ஆணையரின் அறிக்கை பதிவுசெய்தது.